டோல்கேட் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகம்: லேப் வேலைக்குப் போகிற பெண்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம்

தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு மாடி வீட்டைப் பற்றி எழுதுகிறேன். கீழே குழந்தைகள் காப்பகம், மேலே பெண்கள் உட்கார்ந்து படிக்கவும் எழுதவும் ஓர் அறை. அறிவியல் படித்துவிட்டு லேபிலோ கல்லூரியிலோ கம்பெனியிலோ வேலை பார்க்கிற, அல்லது குழந்தை பிறந்ததால் வேலையை விட்டுவிட்டு மறுபடி போக நினைக்கிற பெண்களுக்கு வடசென்னையில் இதைவிட உபயோகமான இடத்தை நான் பார்த்ததில்லை. பெயர் போடவில்லை. நடத்துகிற அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது குழந்தைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருக்கிறார், ஏற்கெனவே காத்திருப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அந்தத் தெருவில் போய் "லேப் அக்கா வீடு" என்று கேட்டால் இஸ்திரி வண்டிக்காரரே கை காட்டுவார்.

அக்கா ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தவர். நைட் டியூட்டி, இரண்டு குழந்தைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலையை விட்டுவிட்டார். பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகு சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இதை ஆரம்பித்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சாம்பிளை இன்குபேட்டர்ல போட்டிருக்கேன்கா, பார்த்துட்டுத்தான் கிளம்ப முடியும்" என்று நான் போன் பண்ணும்போது அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை (கிருமி வளர்வதற்காக மாதிரியை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிற பெட்டி அது). வேறு எங்கேயும் எனக்கு இது கிடைத்ததில்லை.

என் வேலை தண்ணீரைப் பரிசோதிப்பது. மைக்ரோபயாலஜி படித்தவள், கிண்டி பக்கம் ஒரு ஆராய்ச்சி திட்டத்தில் ஒப்பந்த வேலை, எண்ணூர் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் மாதிரி எடுத்து அதில் என்ன கிருமி, எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு கழிவு என்று பார்க்கிறோம். பையனுக்கு மூன்று வயது. வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. மாமியாருக்கு முட்டி வலி, ஓடுகிற பையன் பின்னால் அவரால் ஓட முடியாது, அவரிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

இந்த வேலையின் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பகத்தின் அருமையே அங்கேதான் இருக்கிறது. கழிமுகத்தில் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்று பார்த்துத்தான் போக முடியும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். இந்த வாரம் காலை பத்து மணிக்கு வற்றினால் வேறொரு வாரம் விடியற்காலையில் வற்றும், படகுக்காரர் நான்கரை மணிக்கே ரெடியாக நிற்பார். எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் போட்டு ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவந்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கோலிஃபார்ம், அதாவது மலக் கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுகிற கிருமி, பார்க்கிற டியூபுகளை 24 மணி நேரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும், அந்தக் கிருமி இருந்தால் வாயு வரும், வாயு வராதவற்றை 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீரில் இருக்கிற கழிவைக் கிருமிகள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்க்கிற பிஓடி சோதனைக்கு நம் நாட்டுத் தர முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை படித்தாக வேண்டும், திங்கள்கிழமை படித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு கிடையாது. லேபில் உயிரணுக்களை வளர்க்கிற (செல் கல்ச்சர்) தோழிகளுக்கு இன்னும் கஷ்டம், தீபாவளி அன்றைக்கும் யாராவது போய் அவை வளர்கிற ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். ஐந்தரை மணி ஆனதும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து வருகிற வேலை இல்லை இது.

ஆனால் நம் பக்கம் இருக்கிற காப்பகங்கள் எல்லாமே ஐந்தரை மணியை மனதில் வைத்துத்தான் நடக்கின்றன. இதற்கு முன்னால் பையனை வேறு ஓர் இடத்தில் விட்டிருந்தேன். கலர் கலராகச் சுவர், ஏசி, ஆங்கிலப் பாட்டு. ஆறு மணிக்கு மேல் பத்து நிமிடம் தாமதமானால் அபராதம், அதைக்கூட நான் கட்டிவிடுவேன், ஆனால் பையனுக்கு ஷூ மாட்டி பையைத் தோளில் போட்டு வாசல்படியில் உட்கார வைத்திருப்பார்கள். மெட்ரோவிலிருந்து இறங்கி ஓடிவரும்போது அவன் தனியாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அரசுக் காப்பகத் திட்டத்தின் விதிமுறையில்கூட ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான் இருக்கிறது. லேபில் எட்டு மணி நேரம், போக வர மெட்ரோவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், எப்படிக் கூட்டினாலும் ஒத்துவராது.

லேப் அக்கா வீட்டில் வழக்கமான நேரம் காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை. அதற்கு முன்னும் பின்னும் வேண்டுமென்றால் முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் காலை ஐந்தரைக்கே கதவு திறந்திருக்கும், இரவு எட்டரை வரை வைத்துக்கொள்வார். நான்கரை மணி படகு நாட்களில் வீட்டுக்காரர் பையனைத் தூங்கத் தூங்கத் தோளில் போட்டுக்கொண்டு வந்து விட்டுவிட்டு ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுவார். மாதக் கடைசியில் அக்கா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார், அடுத்த மாதம் யார் யாருக்கு எந்தெந்த நாள் முன்னேயோ பின்னேயோ தேவைப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்வார். நான் கடல் வற்றுகிற நேர அட்டவணையையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அது அவர் வீட்டு பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான்கு மணி நேரம் திறக்கிறார், முன்கூட்டியே சொன்ன குழந்தைகளுக்கு மட்டும். பிஓடி படிக்கப் போகிற நாட்களில் எனக்கு அது போதும்.

சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. காலையில் இட்லி அல்லது ராகிக் கூழ், மதியம் பருப்பு சாதம், ஒரு காய், முட்டை, சாயங்காலம் சுண்டலோ வேர்க்கடலையோ. புதன்கிழமை காசிமேட்டிலிருந்து மீன் வரும், முள் எடுத்து உதிர்த்துச் சாதத்தில் பிசைந்து கொடுப்பதை ஆயாவே செய்கிறார். வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக வைத்திருக்கிறார்கள். சமைப்பது, தூங்க வைப்பது, கழுவி விடுவது என்று இரண்டு ஆயாக்கள், அக்காவோடு இன்னொரு இளம்பெண். டிவி கிடையாது. மதியத் தூக்கத்துக்குப் பாய் விரித்து மின்விசிறிதான், ஏசி இல்லை. மே மாதத்தில் அந்த அறை சூடாகத்தான் இருக்கும். கேமரா வாசலிலும் கூடத்திலும் இருக்கிறது. தீயணைப்பு சிலிண்டரின் தேதியை நான் பார்த்தேன், சரியாக இருந்தது. எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. சேர்க்கும்போது கொடுக்கிற படிவத்தில் முதல் போன் நம்பர் அப்பாவுடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தடவை அப்பாவுக்கு, அடுத்த தடவை அம்மாவுக்கு என்று மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார்கள். "உங்க பொண்டாட்டி வரமுடியாதா" என்ற பேச்சே அங்கே வராது. ஆரம்பத்தில் சில அப்பாக்களுக்கு இது பிடிக்கவில்லை என்று அக்கா சொன்னார், ஒருவர் சண்டைக்கே வந்திருக்கிறார், அக்கா அசையவில்லை. எங்கள் வீட்டில் இதனால் நிஜமாகவே மாற்றம் வந்தது. பையனுக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று இப்போது வீட்டுக்காரருக்கு என்னைக் கேட்காமல் தெரியும். வேலையையும் வீட்டையும் பெண்தான் தராசு மாதிரி சமமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆபீஸ் கூட்டங்களில் பேசுகிறவர்களை இந்தப் படிவத்தை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

சரி, மாடிக்கு வருகிறேன். ஆறு மேஜை, ஆறு நாற்காலி, ஒரு பிரிண்டர், வைஃபை, ஒரு வெள்ளைப் பலகை. காப்பகத்தில் பிள்ளையை விட்டிருக்கிற அம்மாக்களுக்கு மணிக்கு இருபது ரூபாய், மற்றவர்களுக்கு முப்பது. வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாலே யாராவது கூப்பிடுவார்கள், கேஸ்காரர் வருவார், தண்ணி லாரி வரும். இங்கே கீழே பையன் இருக்கிறான் என்ற நிம்மதியோடு இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழுத முடிகிறது. மேஜை மட்டும் போதும் என்றால் கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் அரசு திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 என்றுதான் திறந்தபோது அறிவித்தார்கள், நல்ல கட்டடம். ஆனால் அது வேலை செய்கிற இடம், பிள்ளையை யார் பார்ப்பது என்பதை நாம்தான் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மேஜையும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே என்பது இங்கே மட்டும்தான்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த அறை வேறு மாதிரி ஆகிவிடும். யாரும் கூட்டம் என்று அறிவிப்பதில்லை, ஆனால் வருவார்கள். மணலியில் தர ஆய்வு லேபில் இருக்கிற ஒரு கெமிஸ்ட், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிற இயற்பியல்காரர், பிஎச்டி நடுவில் கர்ப்பமான ஒரு பெண், கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மாதவரம் பக்கம் ஆராய்ச்சியில் இருக்கிறவர், ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை அம்மா. யாரும் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. ஒருத்தி விண்ணப்பத்தைத் திரையில் போடுவாள், மற்றவர்கள் அதைப் படித்துக் குறை சொல்வார்கள், அவ்வளவுதான்.

அங்கே ஒரு ஃபைல் இருக்கிறது. இதுவரை அந்த அறையிலிருந்து போன விண்ணப்பங்கள், கிடைத்தவையும் கிடைக்காதவையும், பெயரை மட்டும் அடித்துவிட்டு, நிராகரித்த கடிதம் வந்திருந்தால் அதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு தனியார் கம்பெனியின் ஆன்லைன் பயிற்சிக்குப் பணம் கட்டியிருந்தேன், "மீண்டும் வேலைக்கு வரும் பெண்களுக்கு" என்று விளம்பரம் செய்வார்கள். தன்னம்பிக்கை, புன்னகை, லிங்க்ட்இன் போட்டோ எப்படி இருக்க வேண்டும். ஆராய்ச்சித் திட்ட முன்மொழிவில் பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது, வேலையில்லாத காலத்தை எப்படிக் குறிப்பிடுவது, பழைய வழிகாட்டி பேராசிரியர் கடிதம் தராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு அவர்களிடம் பதிலே இல்லை. இந்த மூன்றுக்கும் அந்த ஃபைலில் பதில் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டவற்றில் சிலவற்றை இங்கே எழுதிவிடுகிறேன், போக முடியாதவர்களுக்கும் உதவும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03லேயே மகளிர் விஞ்ஞானிகள் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, வேலையை இடையில் விட்ட பெண்கள் ஆராய்ச்சிக்குத் திரும்புவதற்காகவே. அதில் ஆராய்ச்சிப் பிரிவில் 27 முதல் 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. 2014ல் கிரண் என்ற பெயரில் மற்ற மகளிர் திட்டங்களோடு சேர்த்தார்கள், இப்போது வைஸ்-கிரண் என்று தேடினால் வரும். பிஎச்டிக்கு, அதற்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு, காப்புரிமைப் பயிற்சிக்கு என்று தனித்தனியாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பும் அறிவிப்பு வருகிற சமயமும் வேறு, அதனால் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். உயிரியல் பக்கம் இருப்பவர்களுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் என்கிற மகளிர் ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நடத்துகிற ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பெண்களுக்கு வயதில் ஐந்து வருடத் தளர்வு உண்டு. முப்பது தாண்டிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிட்ட எத்தனை பேரை எனக்குத் தெரியும்!

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் விஷயம்தான் எல்லோரையும் கோபப்பட வைத்தது. குழந்தை பிறந்தால் பதிவை ரத்து செய்துகொண்டு பிறகு புதிதாகச் சேர்ந்துகொள் என்று அவளிடம் துறையில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். யுஜிசி விதிமுறையில் பிஎச்டி படிக்கிற பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடமும் இருக்கிறது. 2016 விதியிலும் இருந்தது, 2022 விதியிலும் இருக்கிறது. பேராசிரியை அம்மா அந்தப் பக்கத்தை அங்கேயே பிரிண்ட் எடுத்து, எந்த வரி என்று பென்சிலில் கோடு போட்டு, மரியாதையான ஒரு விண்ணப்பக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தார். விடுப்பு கிடைத்துவிட்டது. குழந்தைக்கு இப்போது காது குத்திவிட்டார்கள், அவள் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறாள்.

இன்னொரு விஷயம் சட்டத்தைப் பற்றியது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ல் செய்த திருத்தத்தின்படி (2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது) முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம், அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வேலை பார்க்கிற இடத்தில் காப்பகம் எங்கே என்று கேட்டீர்களா என்று அந்த அறையில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். ஒப்பந்த ஆட்கள், திட்டப் பணியாளர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். லேபில் பாதிப் பேர் திட்டப் பணியாளர்கள்தான், அதிலும் பெரும்பாலும் பெண்கள், அவர்களை விட்டுவிட்டு எண்ணினால் ஐம்பது எப்படி வரும்? கெமிஸ்ட் அக்கா மட்டும் விடாமல் எழுத்தில் கேட்டு, கம்பெனி இப்போது பக்கத்தில் ஒரு காப்பகத்தோடு ஏற்பாடு செய்து பாதிக் கட்டணத்தைக் கட்டுகிறது. எழுத்தில் கேளுங்கள் என்பதுதான் அங்கே அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை.

காப்புரிமை வழியையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். கண்டுபிடித்தவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கிறவர்தான் காப்புரிமை முகவர், அந்தத் தேர்வு எழுத அறிவியல் பட்டம் இருந்தால் போதும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. வேலையைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், தென்னிந்தியாவுக்கான காப்புரிமை அலுவலகமும் நம் கிண்டியிலேயே இருக்கிறது. கரிம வேதியியல் படித்துவிட்டு ஏழு வருடம் வீட்டில் இருந்த ஒருவர் இப்போது மாடியில் உட்கார்ந்து மருந்துக் கம்பெனிகளுக்கு முன்தேடல் அறிக்கை, அதாவது இதே கண்டுபிடிப்பு முன்பே வந்திருக்கிறதா என்று தேடிச் சொல்கிற அறிக்கை, எழுதிக்கொடுக்கிறார். லேபுக்குத் திரும்ப முடியவில்லையே என்று அவர் ஒருநாள் அழுததையும் பார்த்திருக்கிறேன், இந்த வேலையில் இருக்கிற பெருமையையும் பார்க்கிறேன். இரண்டும் உண்மை.

நாடு முழுக்க உயர்கல்வியில் அறிவியல் படிப்பவர்களில் 2021-22 கணக்குப்படி 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள், பாதிக்கும் மேல். படிக்க வைக்கிறோம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் தெருக்களில் எத்தனை பிஎஸ்சி, எம்எஸ்சி பெண்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், என்னோடு படித்தவர்களே அவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது நான் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தேன். படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டியிருந்தது. அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. அந்தத் தண்ணீரில் என்ன பார்க்க வேண்டும், எந்த பாட்டிலில் எடுக்க வேண்டும், எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், என் ஊர்த் தண்ணீர் அது, ஆனால் பிள்ளையை இரண்டு மணி நேரம் விட ஓர் இடம் இல்லாததால் நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காப்பகத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம். கரையில் வசிக்கிற பெண்ணுக்குத் தெரிகிற விஷயம் தூரத்திலிருந்து வருகிறவருக்குத் தெரிய நாளாகும், அவள் வேலைக்குப் போக முடிந்தால் லாபம் அவள் வீட்டுக்கு மட்டும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, ஒன்றரை வயது ஆகாத குழந்தையைச் சேர்ப்பதில்லை. 26 வார விடுப்பு முடிந்து திரும்புகிற அம்மாவுக்கு நடுவில் ஒரு வருடம் அப்படியே தொங்குகிறது, எனக்குத் தெரிந்த பலர் வேலையை விட்டது அந்த ஒரு வருடத்தில்தான். கைக்குழந்தைக்குத் தனி ஆள் வேண்டும், தனி அறை வேண்டும், என்னால் முடியாது என்று அக்கா வெளிப்படையாகவே சொல்கிறார், அவர் சொல்வதும் சரிதான், ஆனால் குறை குறைதான். மாடியில் தாய்ப்பால் எடுத்து வைக்க மறைவான இடமும் இல்லை, கேட்டிருக்கிறோம்.

விளையாட வெளி இடம் கிடையாது. மொட்டை மாடியில் கம்பி வேலி போட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் விடுகிறார்கள், வெயில் காலத்தில் அதுவும் ஐந்தரைக்கு மேல்தான். மாடிப் படி செங்குத்தாக இருக்கிறது, மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். போன மழைக்கு இரண்டு நாள் மூடிவிட்டார், முந்தின இரவே சொல்லிவிட்டார் என்றாலும் இன்குபேட்டர் காத்திருக்குமா? கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், இன்வெர்ட்டர் கீழே குழந்தைகளுக்கு மட்டும்தான், அதை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். ரசீது கையால் எழுதித் தருகிறார், கம்பெனியில் காட்டிப் பணம் திரும்ப வாங்குகிறவர்கள் முத்திரை போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு சில சமயம் பிஎச்டி முடித்தவர்களைச் சுற்றியே போகிறது. பிஎஸ்சி முடித்துவிட்டு டயக்னாஸ்டிக் சென்டரில் ரத்தம் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்கள், மறுபடி வரவில்லை. அவர்களுக்கும் ஷிப்ட் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, மேலே படிக்க ஆசையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்களுக்கும் அங்கே இன்னும் பொறுமை வேண்டும். அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் படித்த கலைச்செல்வி அம்மாதான் 2022ல் சிஎஸ்ஐஆர் என்கிற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனார், 1942ல் தொடங்கிய அமைப்பு அது. பாரதி கல்லூரியில் தமிழ் வழியில் படித்து வந்த பெண் தன் விண்ணப்பத்தைத் திரையில் போடக் கூச்சப்படுகிற நிலை அந்த அறையில் இருக்கக் கூடாது. இதை அக்காவிடமும் சொன்னேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தமிழில், பிஎஸ்சியோடு நிறுத்தியவர்களுக்காக மட்டும் என்று வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

கட்டணம் மாதம் 5,500 ரூபாய், சாப்பாடு சேர்த்து. முன்னே பின்னே வைத்துக்கொள்கிற நேரத்துக்கு மணிக்கு 60. எனக்கு எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேல் வருகிறது, ஒப்பந்தச் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை, சம்பளம் தாமதமாகிற மாதங்களில் இன்னும் கஷ்டம். அப்படிப்பட்ட மாதத்தில் பத்தாம் தேதி வரை பொறுத்துக்கொள்கிறார், அதற்கு மேல் கேட்பார். இந்தக் கட்டணத்துக்கு ஆயாக்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன், பதில் சொன்னார், எனக்கு அது திருப்தியாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு இன்னொரு பெண் மேலே வருவது எனக்குச் சம்மதமில்லை.

போக்குவரத்து சுலபம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து டோல்கேட்டிலோ காலடிப்பேட்டையிலோ இறங்கினால் நடந்தே வந்துவிடலாம், கிண்டியிலிருந்து வண்டி மாற வேண்டியதில்லை. சாதாரண மாநகரப் பேருந்தில் வந்தால் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஸ்கூட்டரில் வருகிறவர்கள் மட்டும் மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்து வாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரிசை கட்டி நிற்கும், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அதற்கு நடுவில் புகுந்து வருவது வேண்டாம்.

ஜூன் மாதம் பெரிய பிள்ளைகள் எல்கேஜிக்குப் போகும்போதுதான் இடம் காலியாகும், அதனால் மார்ச்சிலேயே நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள், போனில் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார். போகும்போது தடுப்பூசி அட்டையும், பிள்ளையின் அப்பாவும் கூட வர வேண்டும். முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு கூடத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்வார், அதற்கு விடுப்பு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாடி அறைக்கு முன்பதிவு தேவையில்லை, சனிக்கிழமை மட்டும் நாற்காலி போதாது, இரண்டரைக்கே போய்விடுவது நல்லது.